தாத்தா கம்பெனி ஐஸ்

ஐஸ் வண்டியின் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடாத குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தெருவிலுள்ள வாண்டுகள் எல்லாம் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடும்போது, அவன் மட்டும் கொல்லைப்புறத்துக்கு ஓடுவான். அங்கே துளசி மாடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, எறும்பு எண்ணுவான். மணிச் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்து மறைந்த பிறகுதான் எழுந்து வருவான்.

அவன் என் பேரன். அவனுக்கு ஐஸ் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குப் பால் ஆகாது, அவ்வளவுதான்.

"பால் ஆகாத குழந்தையும் உண்டா? எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு தடவை அல்ல, நூறு தடவை சொன்னேன். நூற்றோராவது தடவை சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு கதை உண்டு. அதைச் சொன்னால்தான் நான் ஏன் எழுபது வயதில் ஐஸ் வியாபாரி ஆனேன் என்பது உங்களுக்குப் புரியும்.

2023-ஆம் வருஷம் மே மாதம். மகனும் மருமகளும் ஐந்து வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்திருந்தார்கள். திருச்சி வெயிலைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் படியில் செருப்பில்லாமல் கால் வைத்தவர்களுக்கு அது தெரியும். ஒரு நாள் சாயந்திரம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் ஐஸ் கிரீம் டப்பா ஒன்று கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தேன். 'ஐஸ் கிரீம்' என்றே அதில் இல்லை. 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று போட்டிருந்தது. தாவர எண்ணெயில் செய்தது என்றும் கண்டிருந்தது. எனக்கு ஒரே குதூகலம். "பார்த்தாயா! பால் கொழுப்புக்குப் பதில் எண்ணெய்! உனக்கென்றே செய்திருக்கிறான்!" என்று ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நான்கு ஸ்பூன் சாப்பிட்டிருப்பான். உதடு வீங்கிற்று. கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிற்று. இருமல் ஆரம்பித்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. எந்த ஆட்டோவில் ஏறினேன், எவ்வளவு கொடுத்தேன் என்பது நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். தெய்வாதீனமாகக் குழந்தை பிழைத்தான்.

மறு நாள் காலையில் டாக்டர் என்னை உட்கார வைத்து ஒரு பாடம் நடத்தினார். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பால் ஆகாதவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஜீரணமாவதில்லை. வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும். கஷ்டம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொரு வகையினருக்குப் பாலிலுள்ள புரதமே விரோதி. உடம்பு அதைச் சத்துரு என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. இவர்களுக்கு ஒரு சொட்டுக்கூட ஆகாது. என் பேரன் இரண்டாவது வகை.

சரி, டப்பாவில் தாவர எண்ணெய் என்று போட்டிருந்ததே? அங்கேதான் என் புத்திசாலித்தனம் கவிழ்ந்தது. நம் நாட்டுச் சட்டப்படி 'ஐஸ் கிரீம்' என்றால் பாலின் கொழுப்பு இருக்க வேண்டும். அந்தக் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று பெயர் போட வேண்டும். கொழுப்புத்தான் மாறுகிறதே தவிர, பால் பவுடரும் பாலின் புரதமும் அதிலும் இருக்கும். டப்பாவின் பின்புறம், எறும்பு எழுதினாற்போன்ற எழுத்தில், 'பால் உள்ளது' என்று கண்டுதான் இருந்தது. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போன கிழவனுக்கு அது எப்படித் தெரியும்?

மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊருக்குக் கிளம்பும்போது, "போய்விட்டு வருகிறோம், மாமா" என்று நமஸ்காரம் செய்தாள். ஆனால் அந்த மூன்று நாட்களும், நான் குழந்தையிடம் ஒரு வாழைப்பழத்தை நீட்டினால்கூட, அவள் கண் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. நேயர்களே, நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்தேன். ஒரு மேலதிகாரியின் பார்வைக்கும் நான் அப்படிக் குன்றிப்போனதில்லை.

அவர்கள் போன பிறகு நான் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். அடுத்த மே மாதத்துக்குள், என் பேரன் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய ஓர் ஐஸை இந்த வீட்டிலேயே, என் கையாலேயே செய்வது என்று. என் மனைவி இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "காப்பி கலக்கத் தெரியாத மனுஷர்!" என்று மட்டும் சொன்னாள்.

ஐஸைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தேன். எத்தனை சுவாரசியமான சமாசாரம், தெரியுமா! நம் தேசத்துக்கு ஐஸ் கப்பலில் வந்த காலம் ஒன்று உண்டு. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்பவர் குளத்து ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணம். அவ்வளவு தூரம் வந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்ததாம்! மரத்தூளில் புதைத்து வைத்தால் ஐஸ் சீக்கிரம் கரையாது என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

குச்சி ஐஸின் கதை இன்னும் வேடிக்கை. 1905-ல் ஃபிராங்க் எப்பர்ஸன் என்ற பதினோரு வயது அமெரிக்கப் பையன், ஒரு டம்ளர் பானத்தைக் குச்சியால் கலக்கிவிட்டு, குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டானாம். இரவுக் குளிரில் அது உறைந்துவிட்டது. காலையில் குச்சியைப் பிடித்து இழுத்தான். உலகத்துக்குக் குச்சி ஐஸ் கிடைத்தது! மறதியால் நானும் எத்தனையோ சாமான்களை வாசலில் வைத்திருக்கிறேன். மறு நாள் சாமானே இருந்ததில்லை.

போகட்டும், காரியத்துக்கு வருவோம். ஐஸ் கிரீம் ஏன் வெண்ணெய்போல் இருக்கிறது, வீட்டில் உறைய வைத்த பழரசம் ஏன் கருங்கல்போல் இருக்கிறது? தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாகப் படிகம் கட்டுகிறது. மெதுவாக, அசையாமல் உறைந்தால் படிகம் பெரிதாக வளரும், நாக்கில் நறநறக்கும். கொழுப்பும் சர்க்கரையும் நாரும் படிகத்தைப் பெரிதாக வளர விடாமல் குறுக்கே நிற்கின்றன. உறையும்போது கிளறிக்கொண்டே இருந்தாலும் படிகம் உடைந்து பொடியாகிவிடும். ஆகவே பால் போனால் போகட்டும். அதன் வேலையைச் செய்ய வேறு ஆள் பிடித்தால் போதும்.

அந்த ஆள் எங்கள் ஊரிலேயே தார் தாராகத் தொங்கிக்கொண்டிருந்தான். வாழைப்பழத்தைத்தான் சொல்கிறேன்! திருச்சியில் வாழைக்குப் பஞ்சமா? வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையத்தை 1993-ல் இங்கேதானே ஏற்படுத்தினார்கள்? வாழைப்பழத்தின் சதையில் பெக்டின் என்ற வழவழப்பான நார்ப்பொருள் இருக்கிறது. அதை உறைய வைத்து அரைத்தால், ஒரு சொட்டுப் பால் இல்லாமல், ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லாமல், ஐஸ் கிரீம் ஆகிவிடுகிறது.

செய்முறை இதுதான். நன்றாகக் கனிந்த, தோலில் புள்ளி விழுந்த பழமாக நாலு எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸ், பச்சை நாடன், மலைவாழை எதுவானாலும் சரி. பழம் கனியாவிட்டால் ஐஸ் துவர்க்கும். அரை விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, மூடி, ஃப்ரீஸரில் ராத்திரி முழுவதும் வையுங்கள். மூட மறந்தால் சாம்பார் வாசனை அடிக்கும், இது அனுபவம். மறு நாள் வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் புட்டு மாதிரி உதிரும். 'கெட்டது காரியம்' என்று தோன்றும். ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கட்டி கட்டியாகும். மறுபடி ஓட்டுங்கள். திடீரென்று, ஏதோ மந்திரம் போட்டாற்போல, வழவழவென்று திரண்டு வரும். அந்த நிமிஷத்தில் நான் "ஆகா!" என்று கத்தியதில், என் மனைவி பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

முதல் தடவையே இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை நான் பழத்தை முழுசு முழுசாக உறைய வைத்து மிக்ஸியில் போட்டேன். 'கடகட'வென்று ஒரு சத்தம். பிறகு ஒரு கருகல் நாற்றம். பிறகு பூரண நிசப்தம். மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது என்பதும், பளு அதிகமானால் அது மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும் என்பதும், பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்ஸிக்கு உயிர் வரும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷமும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் இன்னொரு தட்டு வாழைப்பழத்தை உறைய வைத்திருக்கலாம்.

அடுத்தது மாம்பழம். மாம்பழத்துக்குத் துணை தேங்காய்ப்பால். பெயரில்தான் பால், பசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கோப்பை மாம்பழச் சதைக்கு ஒரு கோப்பை கெட்டியான முதல் பால், ஒரு சிட்டிகை உப்பு. பங்கனபள்ளியானால் இனிப்பே வேண்டாம். எல்லாவற்றையும் அரைத்து, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, ஃப்ரீஸரில் வையுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தரம் எடுத்து, முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவில் சேர்த்துக் கலக்குங்கள். மூன்று நான்கு தரம் இப்படிச் செய்தால் படிகம் உடைந்து மெத்தென்று வரும். தேங்காயின் கொழுப்பு பாலேட்டின் வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்றாவது, குச்சி ஐஸ். தர்ப்பூசணியை விதை நீக்கி அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, சின்ன டம்ளர்களில் ஊற்றினால் சிவப்பு ஐஸ். இளநீரில் நுங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டால் வெள்ளை ஐஸ். பாதி உறைந்ததும் நடுவில் ஒரு குச்சியைச் செருகுங்கள். டம்ளரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். எடுக்கும்போது டம்ளரைக் கொஞ்ச நேரம் சாதாரணத் தண்ணீரில் நிற்க வைத்தால் குழந்தை மாதிரி கைக்கு வந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். உறைய வைத்தால் கிருமி செத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, தூங்கும். ஆகவே கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் சேர்த்தால் காய்ச்சி ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும். மின்சாரம் போய் முழுவதும் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். இரண்டாவது, பழ ஐஸ்தானே என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடக் கூடாது. பழத்திலும் சர்க்கரை உண்டு. வெல்லம், தேன் என்று பெயரை மாற்றினாலும் சர்க்கரை சர்க்கரைதான். பெரியவர்கள் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள், இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. அவளுக்கு இரண்டே ஸ்பூன். மூன்றாவது ஸ்பூனுக்கு அவள் கிண்ணத்தை நீட்டினால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸில் குளிர்ச்சி அதிகமானால் நாக்குக்கு இனிப்புத் தெரியாது. சர்க்கரை குறைந்தால் ஐஸ் கல்லாகவும் இறுகும். அதற்காகச் சர்க்கரையைக் கொட்ட வேண்டாம். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் இரண்டு குறையும் தீர்ந்துவிடும்.

2024 மே மாதம் வந்தது. அவர்களும் வந்தார்கள். மருமகள் குழந்தைக்கு வேண்டிய பதார்த்தங்களை எல்லாம் தனியாக ஒரு பெட்டியில் கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் என் தைரியம் பாதி கரைந்துவிட்டது. இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐஸ் வண்டி வந்தது. மணி அடித்தது. பேரன் எழுந்து கொல்லைப்புறம் போனான். நான் நேரே சமையலறைக்குப் போய், ஃப்ரீஸரைத் திறந்து வாழைப்பழ வில்லைகளை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மருமகள் வாசற்படியில் நிற்கிறாள்.

"என்ன பண்ணுகிறீர்கள், மாமா?"

"ஐஸ்" என்றேன். "வாழைப்பழம் மட்டும்தான் அம்மா. வேறு ஒன்றும் இல்லை."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எந்த ஜாரில் அரைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நேயர்களே, நான் ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். ஏனென்றால், ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், அரைத்த ஐஸை ருசி பார்க்கும்போது எனக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது. அதே ஜாரில்தானே முதல் நாள் என் மனைவி லஸ்ஸி அடித்தாள்! மூடியின் ரப்பர் வளையத்தில் எத்தனை கழுவினாலும் போகாத தயிர் இருக்குமே! பழம் சுத்தம், தண்ணீர் சுத்தம், மனசும் சுத்தம். ஜார் அல்லவா குழந்தையைக் கொன்றிருக்கும்? அன்றே கடைக்குப் போய்ப் புது ஜார் ஒன்று வாங்கினேன். கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டினேன். தட்டு, ஸ்பூன், டம்ளர், முள்கரண்டி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கயிறு. எல்லாம் தனி டப்பாவில், தனி அலமாரியில். சாவி என் பூணூலில் இல்லாத குறைதான்.

அலமாரியைத் திறந்து காட்டினேன். அவள் அந்த ஜாரை எடுத்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப மாட்டினாள். பிறகு அந்தச் சிவப்புக் கயிற்றை விரலால் ஒரு தரம் தடவினாள். "நகருங்கள் மாமா, நான் அரைக்கிறேன். உங்களுக்கு மிக்ஸி ஆகாது என்று அத்தை சொன்னார்கள்" என்றாள். அவள் குரல் கொஞ்சம் கரகரத்தது. எனக்கும் தொண்டையில் என்னவோ அடைத்தது, வாழைப்பழம் அல்ல.

பேரனைக் கூப்பிட்டோம். கிண்ணத்தைப் பார்த்தான். ஆறு வயதுக் குழந்தை, கையை நீட்டவில்லை. "தாத்தா, இதிலே பால் இருக்கா?" என்று கேட்டான். அம்மாவின் முகத்தையும் பார்த்தான்.

"இல்லை கண்ணா, நீ சாப்பிடலாம்" என்று அவள் சொன்னாள்.

அவன் சாப்பிட்ட அழகை எழுத எனக்குச் சக்தியில்லை. மூன்றாவது வாயிலேயே, "வாசல்லே அவங்களுக்கும் குடுக்கலாமா?" என்றான். கொடுத்தோம். கையில் காசில்லாமல் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகள் முதலில் வந்தன. பிறகு காசு இருந்த குழந்தைகளும் வந்துவிட்டன. எல்லோரும் ஒரே ஐஸ். ஒருவனுக்கு மட்டும் தனி என்பது இல்லை. வண்டிக்காரர்கூடக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு, "பெரியவரே, நீங்க வண்டி போட்டா எனக்குப் பிழைப்புப் போயிடும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பாலை நிறுத்தினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்கு வேறு வழி செய்ய வேண்டும். கேழ்வரகு, எள், கீரை என்று அவர் சொல்வார். ஐஸ் பாலுக்கு ஈடாகாது. பெரியவர்களாக வளரும்போது பல குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை போய்விடுவதும் உண்டு. ஆனால் போய்விட்டதா என்று நாமே கொடுத்துப் பார்க்கக் கூடாது. அந்தப் பரீட்சையை நான் ஏற்கனவே எழுதித் தோற்றவன், சொல்கிறேன். டப்பாவைத் திருப்பிப் பின்புறம் படியுங்கள். மூக்குக் கண்ணாடியோடு படியுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு மே மாதமும் ஐஸ் கம்பெனி நடக்கிறது. முதலாளி பேரன். மானேஜர் மருமகள். தொழிலாளி நான். கணக்கு வழக்கு என் மனைவி. "பென்ஷன் பூராவும் வாழைப்பழத்துக்கே போகிறது" என்று அவள் முணுமுணுக்கிறாள். போகட்டும். போன தடவை அவர்கள் வந்தபோது, மருமகள் அந்தத் தனிப் பெட்டியைக் கொண்டு வரவில்லை.